ஆயுத பூஜைக்கு மறுநாள் திறக்காத ஃபோல்டர்

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குடைய வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலை உற்பத்தி செய்கிற ஒருவரின் அலுவலகத்தில் பல வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் அவருடைய கடையிலேயே சேலை மடித்துப் போடும் வேலை. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மேலே இருக்கும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். கெண்டைக்கால் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டுகொண்டது அங்கேதான். ஒருநாள் பில் போடும் பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கிட்டே போக எல்லோரும் பயந்தார்கள், நான் போய் மூடியைத் திறந்து பேப்பரை உருவிப் போட்டேன். அவ்வளவுதான் என் தகுதி. மறுவாரமே முதலாளி என்னை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை, ஏசி, அதோடு "சிஸ்டம் மேடம்" என்று ஒரு பட்டம் வேறு. பட்டத்தைக் கொடுத்தவர் சேலைக்கு டிசைன் போடுகிற அண்ணன். கிண்டலாகத்தான் கொடுத்தார், அது நிலைத்துவிட்டது.

எங்கள் அலுவலகத்தின் உயிர், மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. சர்வர் என்போம். சேலையின் கரை, முந்தி, உடம்பில் ஓடும் புட்டாப் பூ எல்லாவற்றையும் டிசைன் அண்ணன் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அந்தப் பெட்டியில் உள்ள பொது ஃபோல்டரில் போட்டு வைப்பார். எல்லோருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் அந்த ஃபோல்டரைத் திறக்கலாம். அங்கிருந்து பென் டிரைவில் ஏற்றிப் பின்கட்டில் இருக்கும் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோவோம். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு அதைப் படித்து, எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் தறி சும்மா நிற்கும். தறி நின்றால் முதலாளி நிற்க மாட்டார், குதிப்பார்.

இந்தச் சர்வரை முதலில் அமைத்துக் கொடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு ஆள். வருடா வருடம் அவரைக் கூப்பிட வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். "பாத்துக்கறியாம்மா? ஏதாவது ஆச்சுன்னா நீதான்," என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அன்றிலிருந்து ஒரு சின்னப் பயம் என்னோடு குடியேறியது. கறுப்புப் பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் காலையில் காபியே குடிப்பேன்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் புதுப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழைய ரூட்டரைக் கழற்றிவிட்டு அதை மாட்டும் வேலை என்னுடையது. சென்னை ஆள் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. டிஎன்எஸ் என்று எழுதி, பக்கத்தில் சர்வரின் எண். அதை எங்கே போடுவது என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் இன்டர்நெட் வந்துவிட்டது. டிசைன் அண்ணன் வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்த்து, "மேடம், பறக்குது போங்க," என்றார். பொது ஃபோல்டரும் திறந்தது. எல்லாம் ஓடுகிறபோது புரியாத வரியை எதற்கு நோண்ட வேண்டும்? அலமாரியைச் சாத்திவிட்டேன்.

இதில் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை அணைப்பதே கிடையாது. சாயங்காலம் திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போவோம், காலையில் வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவோம். வருடத்தில் ஒரே ஒருநாள்தான் எல்லாவற்றுக்கும் ஓய்வு. ஆயுத பூஜை. அன்றைக்குத் தறியிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கும்பிட்டுவிட்டால் அப்புறம் எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து மறுபூஜை போட்டுத்தான் ஸ்விட்சையே போடுவோம். முதலாளி இதில் ரொம்பக் கறார்.

துடைக்கிற வேலை எப்போதும் அக்காவுடையது. கூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, டீ வாங்கிக் கொடுக்கிறவர். என்னைவிட இருபது வயது பெரியவர். வீட்டுக்காரர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையாகிவிட்டார். மகளை நர்சிங்கில் சேர்த்திருந்தார். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவர் ஒருவர்தான். அந்த வருடமும் ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்து, கறுப்புப் பெட்டியைக் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்து, நெற்றி மாதிரி இருக்கும் இடத்தில் மூன்று பொட்டு வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். துணியிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கற்பூரம் காட்டி, புதுப் பாவு நூல் ஏற்றியிருந்த தறியில் ஒரு கல்யாணச் சேலையைத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தச் சேலைக்கான டிசைனை அண்ணன் ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தார். தேங்காய் உடைத்தோம், பொரி கொடுத்தோம், கம்ப்யூட்டர்களையெல்லாம் போட்டோம். அண்ணன் உட்கார்ந்து ஃபோல்டரைத் தட்டினார். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. அப்புறம், அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

"மேடம், ஃபோல்டரக் காணோம்," என்றார்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் தட்டினேன். அதிலும் இல்லை. என்னுடையதில் தட்டினேன். அதிலும் இல்லை. டிசைன்களுக்கு நகல் எடுத்து வைப்பதும் என் வேலைதான். கடைசியாக ஆடியில் எடுத்தது. அதற்கப்புறம் இன்றைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன். கல்யாண சீசனுக்கு வரைந்த அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது, வேறு எங்கேயும் இல்லை. கடையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் என் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். திரும்பவும் அந்த வரிசையில் போய் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன், கால் இப்போதே வலித்தது.

முதலாளி நெற்றியில் விபூதியோடு வந்தார். "ஏம்மா, டிசைன் வரலியாமே? இன்னா ஆச்சு?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்வரை நான் எதையும் பார்த்திருக்கவில்லை. சர்வர் அறைக்குக்கூடப் போகவில்லை. முதலாளி என்னிடம் காரணம் கேட்கவில்லை, என்ன ஆச்சு என்றுதான் கேட்டார். தெரியல சார், பாக்கறேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் தானாகத் திறந்தது.

"தொடைக்கும்போது உள்ள தண்ணி போயிருக்கும் சார்."

பாவி வாய். சொல்லி முடித்ததும் அக்காவைப் பார்த்தேன். கையில் பொரித் தட்டோடு நின்றிருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் புழிஞ்சுதான்மா தொடச்சேன். ஈரமே இல்லியேம்மா," என்றார்.

முதலாளிக்குக் கோபம் வந்தால் தமிழ் போய் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். அன்றைக்கு வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னார். "போன டிசைனு திரும்பி வரலன்னா நாளையில இருந்து நீ வராத. கூரத்துலயே இருந்துக்க."

அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய், செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. சர்வர் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவரைத் தாண்டும்போது, "எப்படியாவது காப்பாத்தும்மா," என்றார். அவருடைய வேலையும் போகக் கூடாது, என்னுடையதும் போகக் கூடாது. அம்மா காமாட்சி என்று வேண்டிக்கொண்டே உள்ளே போனேன்.

பெட்டியிலேயே நேரடியாக ஒரு திரையை மாட்டினேன். ஒயர் துளைக்குள் போகவே மூன்று தடவை ஆயிற்று. திரை வந்தது. பாஸ்வேர்டு போட்டேன். ஃபோல்டரைத் திறந்தேன். இருந்தது. எல்லா டிசைனும் வரிசையாக, கல்யாணச் சேலை உட்பட, ஒன்று விடாமல் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பொட்டுக்கூடக் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீராவது ஒன்றாவது!

ஆனால் வெளியே வந்து அண்ணனுடைய கம்ப்யூட்டரில் தட்டினால் பழையபடி இல்லை என்றுதான் வந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறது, ஃபோல்டர் இருக்கிறது, இங்கிருந்து மட்டும் போக முடியவில்லை. வழியில் ஒயர் போயிருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினேன். இல்லை. அலமாரிக் கதவைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்தேன். சர்வரின் எண் இருந்தது. கம்ப்யூட்டர்கள் ஒன்றை ஒன்று எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன, பெயரெல்லாம் நமக்காக வைத்தது என்று சென்னை ஆள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஃபோல்டரின் பெயர் இருந்த இடத்தில் பெயரை அழித்துவிட்டு எண்ணைப் போட்டேன்.

திறந்துவிட்டது.

"அடடே!" என்று அண்ணன் கத்தினார். டிசைனைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு தறிக்கூடத்துக்கு ஓடினார். சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி ஆகிப் பத்து நிமிடம். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. ராகுகாலத்துக்கு முன்னால் தொடங்கியாயிற்று.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். வாசலுக்குப் போய், அக்கா, தண்ணியெல்லாம் இல்ல, நீங்க எழுந்து வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீர் இல்லையென்றால் வேறென்ன என்று முதலாளி கேட்பாரே? அதற்கு ஒரு பதில் கையில் இருக்கட்டும் என்று மறுபடியும் உட்கார்ந்தேன்.

எண்ணைப் போட்டால் வருகிறது, பெயரைப் போட்டால் வரவில்லை. அப்படியானால் பெயரைச் சொன்னதும் எண்ணைத் திருப்பிச் சொல்கிற யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டுவிட்டார். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெயர்ப் பட்டியலை வைத்திருப்பதும் சர்வர்தான். கம்ப்யூட்டர் யாரிடம் போய்ப் பெயர் கேட்கிறது என்று, கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் கேட்டுப் பார்த்தேன். பதில் வந்தது. சர்வரின் எண் வரவில்லை. பூஜைக்கு நாலு நாள் முன்னால் நான் மாட்டிய புதுப் பெட்டியின் எண் வந்தது.

புதுப் பெட்டி எல்லாக் கம்ப்யூட்டர்களிடமும், பெயர் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு எங்கள் சர்வர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்த விஷயத்தை அதற்குச் சொல்ல வேண்டிய வரிதான் நான் புரியவில்லை என்று விட்டுவிட்ட வரி. நாலு நாள் ஓடியது எப்படி? கம்ப்யூட்டர்கள் அணையாமல் பழைய விவரத்தையே வைத்துக்கொண்டிருந்தன. பூஜைக்காக எல்லாவற்றையும் அணைத்துப் போட்டோம், புதுப் பெட்டியிடம் புதிதாகக் கேட்டுக்கொண்டன, எல்லாம் ஒரே நேரத்தில் குருடாகிவிட்டன. அக்காவின் துணி எங்கேயும் இல்லை இதில். முழுக்க முழுக்க என் கை.

விட்ட வரியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். எங்கே போடுவது என்று தெரியாத இடம், பயந்தவளுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர்களை ஒருமுறை அணைத்துப் போட்டேன். பெயரைத் தட்டினேன். ஃபோல்டர் சமர்த்தாகத் திறந்தது.

திரும்பினால் முதலாளி கதவருகில் நிற்கிறார். கோபம் இறங்கியிருந்தது. தறி ஓடிய சந்தோஷம் முகத்தில். "வந்துடுச்சாம்மா? இன்னா தான் ஆச்சு அதுக்கு?"

இந்தத் தடவை அவர் காரணம்தான் கேட்டார். எனக்குக் காரணமும் தெரிந்திருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, நகல் எடுத்து வெச்சிருக்கியா என்பதாக இருக்கும். அதற்கடுத்தது, அப்ப உன்ன எதுக்கு இங்க உக்கார வெச்சிருக்கேன். இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

"ஈரம்தான் சார். ஃபேன் வெச்சுக் காய வெச்சேன், சரியாயிடுச்சு."

"நல்ல வேள, நீ இருந்த," என்றார்.

முதலாளி அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. டிசைன் கிடைத்துவிட்டதால் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் இனிமேல் கம்ப்யூட்டர் இருக்கும் அறை எதிலும் காலை வைக்கக் கூடாது, பூஜை அன்றைக்கும் வெளியிலேயே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா அதற்கே கையெடுத்துக் கும்பிட்டார். முதலாளி போனதும் அக்கா என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன்னால பொழச்சேன்மா. அத்தினி டிசைனும் போயிருந்தா அந்தப் பாவத்த எங்க கொண்டு போய்த் தொலைப்பேன்?"

டீ குடிக்கிறீங்களா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட கேவலமான கேள்வி அதுதான்.

அந்தத் தீபாவளிக்கு முதலாளி எனக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்தார். டிசைனைக் காப்பாற்றியதற்காக. மனசு உறுத்திக் கட்டாமலே வைத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். கட்டினேன். மகாராணி மாதிரி கட்டிக்கொண்டு போனேன். அக்கா முந்தியைத் தொட்டுப் பார்த்து, "உனக்கு எடுப்பா இருக்குதும்மா," என்றார்.

அதற்கப்புறம் வாராவாரம் தவறாமல் நகல் எடுக்கிறேன். புதுப் பெட்டி எது வந்தாலும் புரியாத வரியைப் புரிந்துகொள்ளாமல் விடுவதில்லை. வேலை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பயம் மட்டும் போகவில்லை, இடம் மாறிவிட்டது. முன்பெல்லாம் சர்வர் படுத்துவிடுமோ என்று பயம். இப்போது அது ஒழுங்காக ஓடுகிற ஒவ்வொரு நாளும், யாராவது விஷயம் தெரிந்த ஆள் வந்து, ஈரத் துணியால் துடைத்தால் ஃபோல்டரின் பெயரா காணாமல் போகும் என்று முதலாளியிடம் சிரித்துவிடுவானோ என்று பயம்.

அக்கா இன்னும் வருகிறார். அறை வாசலில் நின்று பெருக்குமாற்றை நீட்டிக் கொடுப்பார். உள்ளே நான்தான் பெருக்குகிறேன். இந்த வருடம் துடைக்கும் வேலைக்கு இன்னொரு அம்மா புதிதாகச் சேர்ந்திருக்கிறார், அக்கா வயதுதான். பூஜைக்கு முதல் நாள், வெளியே நின்று அக்கா அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அந்தக் கறுப்புப் பொட்டியாண்ட மட்டும் துணியக் கொண்டு போய்டாத. நான் ஒருவாட்டி தொடச்சு எல்லாத்தியும் கெடுத்துட்டேன். இந்தம்மா இல்லன்னா அன்னிக்கே நான் போயிருப்பேன்."

இதை அவர் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் நான் கீபோர்டைத் தட்டுகிற மாதிரி நடிப்பேன். அன்றைக்கு என்னவோ முடியவில்லை. எழுந்து வெளியே போனேன். புது அம்மா நிற்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அக்கா, நீங்க எதையும் கெடுக்கல. தண்ணியே இல்ல. நான் ஒரு நம்பரப் போடாம விட்டேன், அதான். தப்பு என்னுது. ஓனராண்ட பொய் சொன்னேன்."

அக்கா என்னையே பார்த்தார். அப்புறம் பதறிப்போய் முதலாளி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என் வாயைக் கையால் பொத்தினார்.

"இன்னாம்மா பேசற நீ? என்னக் காப்பாத்தறதுக்கு உன் தலையில எடுத்துப் போட்டுக்குவியா? தொடச்சது நான், எனக்குத் தெரியாதா? ஓனர் காதுல வுழுந்தா உன் வேலல்ல போய்டும்!"

"இல்லக்கா, நெஜமாத்தான்..."

"போம்மா உள்ள. யாராண்டயும் இப்படிச் சொல்லிக்கினு திரியாத." என்னைத் தள்ளாத குறையாகத் திருப்பிவிட்டு, புது அம்மாவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாத்தியா? என் மேல பழி இருக்கக் கூடாதுன்னு தம்மேல போட்டுக்குது. யாருக்கு வரும் இந்த மனசு?"

முதலாளி உள்ளேதான் இருந்தார். கதவும் திறந்திருந்தது, பத்தடி நடந்தால் போதும். பயமாக இருந்தது, போகவில்லை.